கயிற்றைப் பிடித்து நின்றவர்

திரைப்படத்திலே தீப்பிடித்தால் அடுத்து நிகழப்போவது யாது என்பதை நம் வீட்டுச் சிறுவர்களும் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். குடிசையோ மாளிகையோ பற்றி எரியும். உள்ளே நாயகி கதறுவாள். நாயகன் எங்கிருந்தோ ஓடிவந்து கதவை உதைத்துத் திறந்து, அவளைத் தோளிலே சுமந்துகொண்டு வெளியே வருவான். அவன் சட்டையில் இரண்டு இடத்திலே கரி பூசியிருக்கும். வாரிய தலை மட்டும் கலைந்திராது. தீ பின்னர் அணைந்ததா, அணைத்தவர் யார், அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்பதில்லை. கதைக்கு வேண்டியது நாயகனின் துணிவு, தண்ணீரன்று.

தண்ணீரைப் பற்றியே கவலைப்படும் ஒரு படத்தை இவ்வாரம் எமது நேயர்களுக்கு அறிமுகஞ் செய்ய விரும்புகின்றோம். புதிய படமன்று, 1943ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே வெளிவந்தது. 'பயர்ஸ் வேர் ஸ்டார்டெட்' என்பது அதன் பெயர். 'தீ மூட்டப்பட்டது' என்று நாம் அதனைத் தமிழிற் சொல்லலாம். வண்ணமில்லை, நட்சத்திர நடிகரில்லை, காதலுமில்லை. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். இலண்டன் துறைமுகப் பகுதியிலுள்ள ஒரு சிறு தீயணைப்பு நிலையத்திலே ஒரு காலையிலிருந்து மறுநாட் காலை வரை நடப்பனவே கதை. இறுதியில் ஒரு சவ அடக்கம் மாத்திரம் தனியே வருகின்றது.

இப்படத்தை ஆக்கியவர் ஹம்ப்ரி ஜென்னிங்ஸ் என்பவர். 1907இற் பிறந்தவர், ஓவியர், கவிதையும் எழுதியவர். பொதுமக்கள் அன்றாடம் என்ன பேசுகின்றார்கள், எப்படி வாழ்கின்றார்கள் என்பதைக் குறித்துவைப்பதற்காக 1937இல் இங்கிலாந்திலே தொடங்கப்பட்ட 'மாஸ் ஒப்சர்வேஷன்' என்னும் இயக்கத்தின் முதல்வர்களுள் ஒருவர். யுத்தகாலத்திலே அரசாங்கத்தின் திரைப்படப் பகுதியாகிய கிரவுண் பிலிம் யூனிற்றிற் பணியாற்றினார். ஆகவே இது அரசாங்கப் பணத்தில் எடுக்கப்பட்ட படம். பிரசாரப் படம் என்று சொன்னாலும் தவறில்லை. அதனை நாம் மறைக்கப்போவதில்லை. அதைப் பற்றிப் பின்னர் பேசுவோம்.

படத்திலே வரும் தீயணைப்போர் அனைவரும் உண்மையான தீயணைப்போர் என்பதை முதலிலே சொல்லிவிடுதல் வேண்டும். துணை அதிகாரி டைக்ஸாகத் தோன்றும் ஜோர்ஜ் கிராவெற், தீயணைப்புப் படையின் அதிகாரியே. கலகலப்பான ஜோனியாக வரும் பிரெட் கிரிபித்ஸ், யுத்தத்துக்கு முன்னர் இலண்டன் தெருக்களிலே வாடகைக் கார் ஓட்டியவர். புத்தகமும் கையுமாகத் திரியும் ரம்போல்ட் என்பவராக வரும் லோரிஸ் ரே, தொழிலாற் சிற்பி. படையிலே புதிதாகச் சேரும் பாரெட்டாக வரும் வில்லியம் சான்சம், விளம்பர நிலையத்திற் பணியாற்றியவர். பின்னாளிற் பெயர்பெற்ற எழுத்தாளர். தொலைபேசிக்கு முன்னே அமர்ந்திருக்கும் பெண்களும் அப்பணியிலிருந்த பெண்களே. தாம் முன்னர் பட்ட பாட்டை இவர்கள் மறுபடியும் ஒருமுறை ஒளிப்படக் கருவிக்கு முன்னே பட்டுக் காட்டியிருக்கின்றார்கள்.

அந்தப் பாடு எத்தகையது என்பதை அறியாமற் படத்தைப் பார்த்தால் அதன் அருமை விளங்காது. யுத்தம் வரக்கூடும் என்று கண்ட பிரித்தானிய அரசாங்கம், 1938இல் நிரந்தரத் தீயணைப்புப் படைக்குத் துணையாக ஒரு படையை அமைத்தது. குமாஸ்தாக்கள், கடைக்காரர், கார்ச்சாரதிகள், ஓவியர், ஆசிரியர் என்று பலதிறப்பட்டோர் அதிற் சேர்ந்தனர். முழுநேரமாகச் சேர்ந்த ஆணுக்கு வாரத்துக்கு 3 பவுண் சம்பளம். பெண்ணுக்கு 2 பவுண். 1939 செப்டெம்பரில் யுத்தம் மூண்டது. ஆனால் ஏறத்தாழ ஓராண்டு காலம் இலண்டனிலே குண்டு விழவில்லை. துணைப்படையினர் நிலையத்திலே காத்திருந்தனர். குழாயைச் சுருட்டுவதும் விரிப்பதுமாகக் காலம் போயிற்று. ஊரார் வாய் சும்மா இருக்குமா? இராணுவத்துக்குப் போகப் பயந்து ஒளிந்துகொண்டவர்கள் என்றும், வேலை செய்யாமற் சம்பளம் வாங்கிச் சீட்டாடுபவர்கள் என்றும் ஏசினார்கள். அந்த ஏச்சைத் தாங்காது படையை விட்டு விலகியோரும் உண்டு.

1940ஆம் ஆண்டு செப்டெம்பர் 7ஆம் திகதி பிற்பகலில் ஜேர்மானிய விமானங்கள் துறைமுகத்தின் மீது வந்தன. அன்று தொடங்கி 57 இரவுகள் ஓய்வின்றிக் குண்டு விழுந்தது. முதல் நாளிலேயே சரே துறையிலிருந்த மரக் குவியல்கள் ஏக்கர் கணக்கிலே பற்றி எரிந்தன. அன்றைக்குக் குழாயைப் பிடித்துக்கொண்டு ஓடிய துணைப்படையினரிற் பெரும்பாலோர் அதுவரை ஒரு பெருந்தீயையும் கண்டவரல்லர். வாடகைக் கார்களின் பின்னே நீரிறைக்கும் பொறிகளைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். நேற்று ஏசிய தெரு, இன்று அவர்கள் கையிலே தேநீர்க் கோப்பையைக் கொடுத்தது.

இங்கே ஒரு சிறு செய்தியைச் சொல்லாமல் எம்மால் மேற்செல்ல முடியவில்லை. இலண்டன் துறைமுகக் கிட்டங்கிகளிலே அந்நாளில் அடுக்கிக் கிடந்தவை எவை? சீனி, றம், மிளகு, வர்ணம், தானியம். இவற்றோடு தேயிலையும் இறப்பரும். மிளகு எரிந்த புகை கண்ணையும் தொண்டையையும் தீய்த்தது. இறப்பர் எரிந்த கரும்புகையில் மூச்சடைத்தது. உருகிய சீனி நீரின்மேல் மிதந்து எரிந்தது. தேயிலை எரியும்போது குமட்டும் இனிப்பு மணம் எழுந்ததாம். நம் மலைநாட்டிலே நம்மவர் கைகள் கொழுந்தெடுத்து அனுப்பிய தேயிலைக்கு இலண்டனே அந்நாளிற் பெருஞ்சந்தை. ஹட்டனிலோ பதுளையிலோ பனியில் நனைந்த ஒரு தாயின் உழைப்பும் அந்தப் புகையிலே ஒரு கீற்றாகக் கலந்திருக்கும் போலும். படம் இதனைச் சொல்லவில்லை. நாம் நினைத்துக்கொண்டோம்.

இனிப் படத்துக்கு வருவோம். தீயணைக்கும் படம் என்று சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, முதற் பாதியிலே தீயையே காட்டாமல் இருக்கின்றார் ஜென்னிங்ஸ். காலையிலே ஆட்கள் தத்தம் வீட்டிலிருந்து நிலையத்துக்கு வருகின்றார்கள். ஜாக்கோ என்பவருக்குச் சிறிய பத்திரிகைக் கடை ஒன்று உண்டு. மனைவியிடம் கடையை ஒப்படைத்துவிட்டுப் புறப்படுகின்றார். இத்துணைப்படையில் 48 மணி நேரம் கடமை, 24 மணி நேரம் ஓய்வு என்பது வழக்கம். ஆகவே கணவன் புறப்படுவது நமது வீடுகளிலே காரியாலயத்துக்குப் புறப்படுவது போன்றதன்று. ஆனாலும் படத்திலே அவர்கள் அப்படித்தான் புறப்படுகின்றார்கள். வாசலில் எவரும் கண்கலங்கி நிற்பதில்லை. பின்னணியிலே வயலின் அழுவதுமில்லை.

பாரெட் புதியவர். நிலையத்துக்கு வந்து நிற்கும் அவரை என்ன செய்வதென்று முதலில் எவருக்கும் விளங்கவில்லை. படித்தவர், பேச்சிலே வேறுபாடு தெரிகின்றது. ஜோனி அவரை அழைத்துக்கொண்டு போய்த் துறைமுகத்தைச் சுற்றிக் காட்டுகின்றார். அங்கே வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டிய போர்க்கருவிகளை ஒரு கப்பலிலே ஏற்றிக்கொண்டிருக்கின்றார்கள். பின்னர் முற்றத்திலே பயிற்சி. குழாயை இழுத்துப் பூட்டுவது, பொறியை இயக்குவது, மீண்டும் சுருட்டுவது. ஒருவர் தரையைத் துடைக்கின்றார். ஒருவர் வண்டியைத் துலக்குகின்றார். பெண்கள் தொலைபேசியிலே எந்தப் பொறி எங்கே நிற்கின்றது என்று எழுதிக்கொள்கின்றார்கள். இவ்வளவுதானா என்று பார்ப்பவருக்குச் சலிப்புத் தட்டக்கூடும்.

மாலையாகின்றது. முழு நிலவு. நிலவைக் கண்டு கவிபாடும் மரபினராகிய நமக்கு, நிலவைக் கண்டு முகம் வாடும் மனிதரைப் பார்ப்பது புதிது. வெளிச்சம் இருந்தால் விமானிக்கு வழி தெரியும். அவர்களுக்கு நிலவென்றால் அதுதான் பொருள். ஆட்கள் பொழுதுபோக்கும் அறையிலே கூடுகின்றார்கள். பாரெட் பியானோவுக்கு முன்னே அமர்கின்றார். ஆங்கிலக் குழந்தைகள் பாடும் எண்ணிக்கைப் பாட்டு ஒன்று உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் ஓர் ஆள் கூடிக்கொண்டே போவான். அதை அவர் வாசிக்க, கடமைக்கு உடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக அறைக்குள் வர, பாட்டிலே ஆள் கூடக்கூட அறையிலும் ஆள் கூடுகின்றது. எல்லோரும் சேர்ந்து கத்திப் பாடுகின்றார்கள். குரல் நன்றாக இல்லை. அபாயச் சங்கு அந்தப் பாட்டின் மேலேயே ஊதுகின்றது. பாட்டு நிற்கவில்லை.

காலையிலே அந்நியனாக வந்த பாரெட் எந்த நிமிடத்திலே அவர்களுள் ஒருவரானார் என்று நாம் திரும்பிப் பார்த்தோம். எவரும் அவரைக் கட்டித் தழுவவில்லை. எங்களிலொருவன் என்று வசனம் பேசவில்லை. பியானோ வாசிக்கத் தெரிந்திருந்தது, அது போதுமாயிற்று. எமது அபிப்பிராயத்திலே இப்படத்தின் மிகச் சிறந்த காட்சி இதுவே. தீ இன்னும் பற்றவில்லை.

பின்னர் பற்றுகின்றது. ஆற்றங்கரையிலுள்ள ஒரு கிட்டங்கி எரிகின்றது. பக்கத்திலேதான் பகலில் நாம் கண்ட கப்பல் நிற்கின்றது. தீ அதற்குத் தாவினால் கப்பலிலுள்ள வெடிபொருளோடு துறையே போய்விடும். ஆகவே தீயை அணைப்பதைவிட, அது பரவாமல் மறித்து வைப்பதே வேலை. நாயகன் ஒருவன் பாய்ந்து முடிக்கக்கூடிய வேலையன்று இது. குழாய் வேண்டும், பொறி வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர் வேண்டும்.

நேயர்களிற் பலர் தீயணைக்கும் குழாயைக் கையிலே பிடித்திருக்க மாட்டீர்கள். பொறி முழு வேகத்தில் இறைக்கும்போது குழாயின் முனை பின்னோக்கி உதைக்கும். பிடி தளர்ந்தால் மனிதனைத் தூக்கி எறியும். ஒருவர் முனையைப் பிடிக்க, மற்றவர் பின்னால் நின்று அவரைத் தாங்குவார். அப்படி மணிக்கணக்காக, நனைந்து விறைத்து, முன்னே நெருப்பும் முதுகிலே குளிருமாக நிற்றல் வேண்டும். திடீரென்று முனையிலே தண்ணீர் மெலிகின்றது, சொட்டுகின்றது, நின்றுவிடுகின்றது. தெருவுக்கடியிற் பதித்த குழாயைக் குண்டு உடைத்துவிட்டது. இது கதைக்காகக் கட்டியதன்று. 1940 டிசெம்பர் 29ஆம் திகதி இரவு, இலண்டன் மாநகரின் நடுப்பகுதி எரிந்தபோது, நிலக்குழாய்கள் உடைந்தன. தேம்ஸ் ஆற்றிலும் அன்று நீர் வற்றிக் கரையெங்கும் சேறாகக் கிடந்தது. கையிலே குழாயும் எதிரிலே நெருப்பும் இருக்க, நடுவிலே தண்ணீர் மட்டும் இல்லாமல் நின்ற மனிதரின் முகங்களை இப்படத்திலே பார்க்கின்றோம். தண்ணீருக்காக ஆற்றை நாடி ஓடுகின்றார்கள். உள்ளங்கையை இறுக மூடிக்கொண்டு நாமும் காத்திருந்தோம். தண்ணீர் மீண்டும் பீறிட்டபோதுதான் கையைத் திறந்தோம்.

களத்தில் இவ்வாறிருக்க, கட்டுப்பாட்டு அறையிலே பெண்கள். இப்பக்கத்தை விரும்பிப் படிக்கும் சகோதரிகள் இக்காட்சியைக் கவனிக்க வேண்டும். ஒரு பெண் தொலைபேசியிலே செய்தி கேட்டு எழுதிக்கொண்டிருக்கின்றாள். அருகே குண்டு விழுகின்றது. அறை அதிர்ந்து புழுதி பறக்கின்றது. அவள் மேசைக்கடியில் விழுகின்றாள். எழும்போது நெற்றியிலே இரத்தம். தொலைபேசியை எடுக்கின்றாள். இடையிலே தடங்கல் ஏற்பட்டதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து எழுதுகின்றாள். அவ்வளவே. அருகிலிருந்தவர்கள் ஓடிவந்து அவளைப் புகழவில்லை. இப்பெண் செய்தியை எழுதாவிட்டால் அங்கே நிற்கும் ஆட்களுக்கு மேலும் ஒரு பொறி போகாது. அவள் விழுந்து எழுந்த விடயம் அவர்களுக்குத் தெரியவும் வராது.

கிட்டங்கியின் கூரைமேல் நின்று சிலர் தீயோடு போராடுகின்றார்கள். வெடிப்பொன்றிலே துணை அதிகாரி காயப்பட்டு விழுகின்றார். படிவழி இறங்க முடியாது. அவரைக் கயிற்றிலே கட்டி வெளிப்புறமாகக் கீழே இறக்க வேண்டும். கயிற்றில் ஓர் ஆளை இறக்குவதானால் மேலே ஒருவர் நின்று அதைப் பிடிக்க வேண்டுமன்றோ? கடைசிவரை மேலே நின்றவர் ஜாக்கோ. பத்திரிகைக் கடைக்காரர். அதிகாரி தரையைத் தொடுகின்றார். ஜாக்கோ இறங்கவில்லை. அவர் நின்ற இடமே தீயினுள் இறங்கிவிடுகின்றது.

இந்த மரணத்துக்கு ஜென்னிங்ஸ் செலவிடும் நேரம் மிகக் குறைவு. மடியிலே கிடத்திக் கடைசி வார்த்தை பேச வைப்பதில்லை. நாம் பார்த்துப் பழகிய படங்களிலானால் இங்கே குறைந்தது பத்து நிமிடம் கண்ணீர் விட்டிருப்போம். இங்கே அழ நேரமில்லை. தீ இன்னும் எரிகின்றது. ஜாக்கோவோடு மாலையிற் பாடியவர்கள் குழாயை விட்டுவிட்டு வர இயலாது. அவர் இறந்துவிட்டார் என்பதைத் தெரிந்துகொண்டே தண்ணீர் அடிக்கின்றார்கள். எம் நெஞ்சை அடைத்தது அதுவேயாகும்.

விடிகின்றது. தீ அடங்கிவிட்டது. கப்பல் தப்பிவிட்டது. தேநீர் வண்டி வருகின்றது. முகமெல்லாம் கரி, எவரும் பேசவில்லை. நிலையத்திலே கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிப் பெருக்குகின்றார்கள். நனைந்த குழாய்களைச் சுருட்ட வேண்டும். மறுபடியும் இரவு வருமல்லவா? ஜாக்கோவின் கடையிலே அவர் மனைவி. வானொலி செய்தி வாசிக்கின்றது. எதிரி விமானங்கள் வந்தன, தீ மூட்டப்பட்டது, உயிர்ச்சேதம் பெரிதாயிராது என்னும் பாங்கிலே அந்தச் செய்தி போகின்றது. படத்தின் பெயர் எங்கிருந்து வந்தது என்பது அப்போது விளங்குகின்றது. அந்நாளைய யுத்த அறிக்கைகளிலே நாள்தோறும் வந்த உலர்ந்த வாசகம் அது. அது பொய்யன்று. ஒருவர்தாம் இறந்தார், ஒருவர் என்றால் பெரிய சேதமன்றுதானே? ஆனால் அந்த ஒருவரின் கடையிலே நின்றுகொண்டு அதனைக் கேட்க நேர்ந்தால் எப்படியிருக்கும் என்பதற்காகவே ஜென்னிங்ஸ் இந்த ஒரு மணி நேரத்தையும் கட்டியிருக்கின்றார் என்று எமக்குத் தோன்றுகின்றது.

இனிப் பிரசாரம் என்ற கேள்வி. அரசாங்கம் பணங்கொடுத்தது, மக்களின் மனம் தளராமலிருக்க வேண்டும் என்பதற்காக. ஆகவே இதில் வரும் மனிதர் எல்லோரும் நல்லவர்கள். அதிகாரிக்கும் ஆட்களுக்கும் பிணக்கில்லை. பணக்காரனும் ஏழையும் ஒரே வாங்கிலே அமர்ந்து பாடுகின்றார்கள். உண்மையான நிலையங்களிற் சம்பளம், உடை, உறங்குமிடம், காயப்பட்டவனுக்கான உதவி என்பன பற்றிய மனத்தாங்கல்கள் நிறைய இருந்தன. அவை படத்தில் இல்லை. இது குறையே. எனினும் இதே படத்திலே எதிரியின் முகம் ஒருமுறையும் காட்டப்படவில்லை என்பதையும், பகைவனை ஏசும் சொற்பொழிவு எதுவும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். யுத்தத்தின் நடுவிலே அரசாங்கத்துக்காக எடுத்த படத்திலே இந்த அடக்கம் எளிதில் வரக்கூடியதன்று.

பொய்யில்லாமல் எடுத்தாரா என்று அதிலே நடித்த சான்சத்தைக் கேட்டவர்களுக்கு அவர் பின்னாளிற் கூறிய விடை எமக்குச் சிரிப்பை மூட்டியது. எல்லாம் உள்ளபடியே இருந்தது, ஒன்றைத் தவிர. உண்மையிலே எந்நேரமும் எல்லோர் வாயிலும் புரண்ட கெட்ட வார்த்தைகள் படத்தில் இல்லை என்றாராம். வசனம் முன்கூட்டி எழுதப்படவில்லை. இன்ன நிலைமை என்று ஜென்னிங்ஸ் சொல்லுவார். அந்த நேரத்தில் என்ன பேசுவார்களோ அதை ஆட்களே பேசினார்கள். 1942ஆம் ஆண்டு மாசி தொடங்கி வைகாசி வரை, முன்னர் குண்டு விழுந்து பாழாய்க் கிடந்த துறைமுகக் கட்டடங்களிலே மறுபடியும் தீமூட்டிப் படம்பிடித்தார்கள். எரிந்த கட்டடத்தை இரண்டாம் முறை எரித்து, அணைத்தவரையே இரண்டாம் முறை அணைக்கச் செய்த வேலை அது. மனத்துக்கு எப்படியிருந்திருக்கும்!

படம் முடிந்ததும் வேறொரு தொல்லை. முதலில் அதற்கு வைத்த பெயர் 'நான் ஒரு தீயணைப்பு வீரனாயிருந்தேன்' என்ற பொருள்படுவது. விநியோகஸ்தர்கள் பார்த்தார்கள், மெதுவாகப் போகின்றது, குறைக்க வேண்டும் என்றார்கள். ஜென்னிங்ஸ் மனம் நொந்தார். ஆயினும் பத்து நிமிடமளவில் வெட்டப்பட்டு, புதிய பெயரோடுதான் படம் பொதுமக்களிடம் போயிற்று. விநியோகஸ்தர்களை நாம் முற்றாகக் குறைகூற மாட்டோம். கொட்டகையிலே ரசிகன் எழுந்து போனால் நட்டம் அவர்களுக்கு. ஆனால் மெதுவாகப் போகும் அந்தப் பகற்பொழுது இல்லையென்றால் ஜாக்கோ யார்? கூரையிலிருந்து விழுந்த ஒரு தொப்பிக்காரர். கடையும் மனைவியும் பாட்டும் பார்த்த பின்னரல்லவா அவர் விழும்போது நமக்கு வலிக்கின்றது? மற்ற மனிதரும் அப்படியே. அவர்கள் தரை துடைத்ததைப் பார்த்திராவிட்டால், அவர்கள் தீயின் முன்னே நிற்பதை ஏதோ பிறவிவீரம் என்றே நினைத்திருப்போம். தரையைத் துடைத்தது போலவேதான் அதையும் செய்கின்றார்கள்.

அதே 1943இல் அதே துணைப்படையைப் பற்றி 'த பெல்ஸ் கோ டவுண்' என்றொரு படமும் வந்தது. டொமி டிரிண்டர் என்னும் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகரை வைத்து எடுத்தது. நன்றாகச் சிரிக்கலாம், தீயும் பெரிதாக எரிகின்றது. பிற்காலத்திலே அமெரிக்கர் 1974இல் ஒரு வானளாவிய கட்டடத்தை எரித்து 'த டவரிங் இன்பேர்னோ' எடுத்தார்கள். 1991இல் சிக்காகோ நகரத் தீயணைப்போரைப் பற்றி 'பாக்டிராப்ட்' எடுத்தார்கள். அவற்றிலே தீ கண்ணைப் பறிக்கும். அவற்றைப் பார்க்க வேண்டாமென்று சொல்ல நாம் யார்? ஆனால் அவற்றிலே குழாயைச் சுருட்டி வைப்பவர் யார் என்பது எமக்கு ஞாபகமில்லை.

படத்தில் வந்தோரின் பிற்கால வாழ்வு பற்றிச் சில வார்த்தைகள். கார்ச்சாரதி கிரிபித்ஸுக்கு நடிப்புப் பிடித்துவிட்டது. யுத்தத்தின் பின்னர் எத்தனையோ ஆங்கிலப் படங்களிலே சிறு வேடங்களில் வந்துபோனார். சான்சம் தீயணைப்பு அநுபவங்களைச் சிறுகதைகளாக எழுதினார். எரியும் கிட்டங்கியின் சுவர் ஒன்று தீயணைப்போர் மீது அப்படியே சரிந்து விழுவதை, அந்தச் சில விநாடிகளை மாத்திரமே வைத்து அவர் எழுதிய 'சுவர்' என்னும் கதை ஆங்கிலம் படிப்போர் தேடிப் படிக்கத்தக்கது. சுவரிலிருந்த யன்னல் வெளி தம்மேல் வந்து அமைந்ததனாற் பிழைத்த மனிதரின் கதை அது. ஜென்னிங்ஸ் நெடுங்காலம் இருக்கவில்லை. 1950இல், மற்றொரு படத்துக்கு இடம் பார்க்கக் கிரேக்க நாட்டுப் போரோஸ் தீவுக்குப் போனவர், பாறையிலிருந்து தவறி விழுந்து இறந்தார். வயது 43.

இலண்டன் புனித பவுல் பேராலயத்துக்கு எதிரே, 1991இல் திறந்துவைத்த ஒரு வெண்கலச் சிலை நிற்கின்றது. தலைக்கவசம் அணிந்த மூவர். இருவர் குழாயைத் தாங்கி நிற்க, ஒருவர் கையை நீட்டி உதவிக்கு ஆள் கூப்பிடுகின்றார். யுத்தத்தில் இறந்த தீயணைப்புப் படையினரின் பெயர்கள், ஆண்களும் பெண்களுமாக, ஏறத்தாழ ஆயிரம் அதன் பீடத்திலே பொறிக்கப்பட்டுள்ளன. ஜாக்கோ கற்பனை மனிதர்; அவர் பெயர் அங்கே இராது. கடை வைத்திருந்தவர்கள் பலர் இருப்பார்கள்.

படத்தின் இறுதியிலே ஜாக்கோவின் சவப்பெட்டியைத் தோழர்கள் சுமந்து செல்கின்றார்கள். அதோடு மாறிமாறி அந்தக் கப்பல் துறையை விட்டுக் கடலுக்குப் புறப்படுவதையும் காட்டுகின்றார்கள். கப்பலிலே இருப்பவர்களுக்கு இந்தச் சவ ஊர்வலம் தெரியாது. சுமப்பவர்களும் கப்பலைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்கக்கூடிய படம். முதல் அரைமணி நேரத்திலே தேநீர் போட எழுந்து போய்விடாதீர்கள். பியானோவைச் சுற்றி நிற்பவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இருட்டிலும் புகையிலும் அவர்களை மீண்டும் அடையாளம் காண வேண்டியிருக்கும்.